போர்வைக்குள் இருந்த கால்

ரங்கராஜனைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. அதனால் கண்ணுகளா, உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

கல்கத்தாவில் டல்ஹௌசி பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நாற்காலியைத் தேய்த்து ஓய்வு பெற்றவர் அவர். கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி. இத்தனை வருஷம் கல்கத்தாச் சோறு தின்றும் வங்காளியில் அவருக்கு 'வேண்டாம்', 'எவ்வளவு' இரண்டும்தான் சொல்லத் தெரியும். மூன்றாவது வார்த்தை கற்றுக்கொண்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த அலுவலகத்திலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு விதி. ஒரு கடிதத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். மின்விசிறி ஓடவில்லை என்பதையும் ஜன்னல் உடைந்திருக்கிறது என்பதையும் யாராவது ஒரே தாளில் எழுதினால் அதைத் திருப்பி அனுப்புவது ஒன்றுதான் அவர் மனமாரச் செய்த வேலை. வீட்டிலும் அதே அதிகாரம். அவர் மனைவி அமலா, "பால் தீர்ந்துடுத்து, குழாயும் ஒழுகறது" என்று ஒரே மூச்சில் சொன்னால் போதும்.

"சப்ஜெக்டைக் கலக்காதே. முதல்ல பால்."

பால் வரும். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

அமலாவுக்குப் பல வருஷத்து ஆஸ்துமா. பனிக்காலத்தில் கூடும், வெயில் வந்தால் தணியும். கைப்பையில் உறிஞ்சும் மருந்து இல்லாமல் வெளியே போக மாட்டாள். ஆனால் போவாள். கரியாஹாட்டில் கத்தரிக்காய்க்காரர் சொத்தையை உள்ளே தள்ளினால், அவள் வங்காளியில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுத்தான் நகர்வாள். அதே அமலா, வங்கியிலோ ஆபீஸிலோ டாக்டர் முன்னாலோ கணவர் பக்கத்தில் நின்றால் வாயைத் திறக்க மாட்டாள். அங்கெல்லாம் அவர்தான் பேசுவார், இங்கிலீஷில். கல்யாணமான புதிதில் அப்படி ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

போன ஜனவரியில் அவளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. ரங்கராஜன் போனில் எதையோ பார்த்துவிட்டு, "கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்" என்று உத்தரவு போட்டார். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், காலில் இரண்டு கம்பளி. சாப்பாடு கட்டிலுக்கே வந்தது. எழுந்து பால்கனி வரை போனால்கூட, "படு, படு" என்று ஓடி வருவார். காய்ச்சல் விட்ட பிறகும் அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. நான் ரசம் எடுத்துக்கொண்டு போனபோது வாசலிலேயே வாங்கிக்கொண்டார். நோயாளிக்கு விசிட்டர்ஸ் கூடாதாம்.

அப்படிப் படுத்தே கிடந்ததில் இடது காலில், ஆடுசதையில், வலி ஆரம்பித்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியது. அதற்கப்புறம் ஒருநாள் காலை பல் தேய்க்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. உறிஞ்சும் மருந்து எடுத்தும் அடங்கவில்லை.

நியூ டவுனில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆப் டாக்ஸி பிடித்துக் கொண்டுபோனார். வாசலில் செயற்கை அருவி, உள்ளே காப்பிக்கடை, ஹோட்டலா ஆஸ்பத்திரியா என்று சந்தேகம் வரும். வண்டியிலேயே அமலா கேட்டிருக்கிறாள்.

"ஏன்னா, கால் வலியையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்கோ. ராத்திரியெல்லாம் இழுக்கறது."

"நாம பாக்கப் போறவர் லங்ஸ் டாக்டர். கால் எலும்பு டிபார்ட்மென்ட். மூச்சு சரியானப்புறம் எலும்பு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கறேன். ரெண்டையும் கலந்தா ரெண்டுமே நடக்காது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஃபைலைச் சரியான அலமாரியில் வைத்துவிட்ட நிம்மதி.

அன்றைக்கே அவளை அட்மிட் பண்ணிக்கொண்டார்கள். நுரையீரல் டாக்டரின் பெயர் லாஹிரி. அவரைப் பற்றியும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. காலையில் வருவார், பின்னால் ஐந்தாறு சின்ன டாக்டர்கள் வாத்துக்குஞ்சுகள் மாதிரி வருவார்கள். முதலில் கம்ப்யூட்டரைப் பார்ப்பார், அப்புறம் எக்ஸ்ரேயைப் பார்ப்பார், அப்புறம் ரங்கராஜனைப் பார்ப்பார். நேரம் மிச்சமிருந்தால் அமலாவைப் பார்ப்பார். அதுவும் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும்தான். ஸ்டெதாஸ்கோப் எதுவரை போகுமோ அதுவரை. அதற்குக் கீழே ஆஸ்பத்திரிப் போர்வை. நல்ல கனமான நீலப் போர்வை. அதைத் தூக்கிப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம் கண்ணுகளா, ஒரு கை போதும். ஆனால் அத்தனை கைகளில் ஒன்றுகூட நீளவில்லை.

"ஹௌ இஸ் ஷீ டுடே?" என்று லாஹிரி கேட்பார். நோயாளி முழித்துக்கொண்டு எதிரே கிடக்கிறாள், கேள்வி கணவருக்கு.

"ஸ்லைட் இம்ப்ரூவ்மென்ட், சார்" என்பார் ரங்கராஜன். தினமும் அதேதான்.

இம்ப்ரூவ்மென்டாவது ஒன்றாவது. ஆவி மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். நெஞ்சில் இருந்த வீசிங் சத்தம் நின்றுவிட்டது. மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. பாத்ரூம் போய் வந்தாலே இளைத்தது, மூச்சை இழுத்து விட்டால் பக்கத்து விலா குத்தியது. விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் ஆக்ஸிஜன் எண் இறங்கும். நெஞ்சுச் சத்தம் குறைந்தும் மூச்சு வாங்குவது ஏன் குறையவில்லை என்று அந்த அறையில் யாரும் யோசிக்கவில்லை. ஆஸ்துமா என்று முதல் நாள் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் யோசிப்பது மரியாதைக் குறைவு போலிருக்கிறது.

கால் வலி தாங்காமல் அவள் ஒரு மத்தியானம் மறுபடியும் கெஞ்சினாள். ரங்கராஜன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வெளியிலிருந்து ஒரு ஆயா மாஷியை அமர்த்தியிருந்தார். அவள் நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு போனில் சீரியல் பார்ப்பவள். பையிலிருந்து வலித் தைலத்தை எடுத்து அவளிடம் நீட்டி, உடைந்த ஹிந்தியில், காலை நன்றாக அழுத்தித் தேய்த்துவிடச் சொன்னார்.

மாஷி தைலத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"மாலிஷ் என் வேலை இல்லை, அண்ணா. அதுக்கு வேற ஆள்" என்று வங்காளியில் சொல்லிவிட்டு மறுபடி சீரியலுக்குத் திரும்பிவிட்டாள்.

"பாத்தியா திமிரை? கம்ப்ளெயின்ட் குடுக்கறேன்" என்று ரங்கராஜன் குதித்தார். மாஷியின் சோம்பேறித்தனத்தை நான் மெச்ச வரவில்லை. ஆனால் அந்தச் சோம்பேறித்தனத்தை மட்டும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஏன் என்று சொல்கிறேன், இருங்கள்.

மறுநாள் காலை ரவுண்டு. அதற்குச் சற்று முன்தான் அமலாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டிக்கொண்டு வந்து போயிருந்தது. லாஹிரி வாத்துக்குஞ்சுகளோடு நுழைந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

"செஸ்ட் கிளியர். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார் ரங்கராஜனைப் பார்த்து.

"அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கறதுங்கறா, சார். கொஞ்சம் நெர்வஸ் டைப்."

"ஆங்ஸைட்டி" என்று லாஹிரி தலையாட்டினார். "ஒரு மாத்திரை எழுதித் தருகிறேன்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். ஒரு பொம்பளையின் மூச்சு அவளுடைய பயம்தான் என்று இரண்டு படித்த ஆம்பளைகள் முடிவு கட்டும்போது வருமே ஒரு சிரிப்பு, அது.

அமலா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நாளைக்கு வீட்டுக்குப் போனால் மறுபடி குரங்குக் குல்லா, கட்டில், 'படு, படு'. அந்தக் கட்டிலிலிருந்து தான் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதை அவள் பின்னால் என்னிடம் சொன்னபோது அழவில்லை. "செத்துப்போறதுகூடப் பரவாயில்லை மாமி, நெர்வஸ் டைப்னு பேர் வாங்கிண்டா சாகணும்?" என்றாள்.

லாஹிரி கதவுப் பக்கம் திரும்பிவிட்டார். அப்போதுதான் அமலாவுக்கு அந்தக் கத்தரிக்காய்க் குரல் வந்தது.

"டாக்டர்பாபு, தாடான்!"

நில்லுங்கள் என்று அர்த்தம். சொத்தையைப் பைக்குள் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போகிறவரை நிறுத்துகிற குரல். லாஹிரி நின்றுவிட்டார். ஒரு சின்ன டாக்டர் அவர் முதுகில் மோதிக்கொண்டான்.

"ஆமார் பா-டா ஆகே தேகுன்." முதலில் என் காலைப் பாருங்கள்.

"அமலா!" ரங்கராஜன் பதறினார். "அது எலும்பு டிபார்ட்மென்ட்! சப்ஜெக்டைக் கலக்காதே!"

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. போர்வையைத் தானே உதறித் தள்ளினாள்.

வலது கால் ஒரு கால் மாதிரி இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, தோல் பளபளத்து, சிவந்து கிடந்தது. லாஹிரி திரும்பி வந்தார். புறங்கையை வைத்துப் பார்த்தார், சுட்டது. ஆடுசதையை மெல்லத் தொட்டார், அமலா பல்லைக் கடித்தாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்வியெல்லாம் வங்காளியில், அவளிடமே. வலி எப்போது ஆரம்பித்தது? மூச்சு அதற்கு முன்னாலா, பின்னாலா? எவ்வளவு நாள் படுத்தே இருந்தீர்கள்? யார் படுக்கச் சொன்னது? அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மோவாயால் கணவரைக் காட்டினாள். ரங்கராஜனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எல்லோரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று, அருவி வாசலில் வழி தவறியவர் மாதிரி நின்றார்.

லாஹிரி அவர் பக்கம் திரும்பினார்.

"இந்தக் காலை யாராவது தேய்த்துவிட்டார்களா?"

"நான் சொன்னேன், சார். இந்த மாஷி செய்யலை. அதைப் பத்தி ஒரு கம்ப்ளெயின்ட்..."

"தேய்த்திருந்தால் ரத்தக்கட்டி இன்னும் பெயர்ந்து மேலே போயிருக்கும். நீங்கள் கம்ப்ளெயின்ட் கொடுக்க நேரம் இருந்திருக்காது."

மாஷி போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

காலில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. கையில் மருந்து ஏற்றி நெஞ்சை சி.டி. எடுத்தார்கள். அந்தக் கட்டியிலிருந்து உடைந்த துண்டுகள் ரத்தத்தோடு போய் நுரையீரலின் குழாயில் உட்கார்ந்திருந்தன. மூச்சு வாங்கியது அதனால். அசையாமல் படுத்துக் கிடந்ததால் காலில் உறைந்தது, காலிலிருந்து நெஞ்சுக்குப் போனது. ஒரே நோய். ரங்கராஜன் அதை இரண்டு அலமாரியில் வைத்திருந்தார், லாஹிரி ஒரு அலமாரியை மட்டும் திறந்து பார்த்திருந்தார்.

அன்றைக்கே அமலாவை மானிட்டர் இருக்கும் வார்டுக்கு மாற்றினார்கள். ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி, அப்புறம் மாத்திரை. வயிறெல்லாம் ஊதா நிறத் திட்டுகள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறதா என்று கேட்டார்கள், மலம் கறுத்துப் போகிறதா என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார்கள். மூச்சு மெல்ல மெல்ல அவள் வசத்துக்கு வந்தது. பிறகு எழுந்து நடக்கச் சொன்னார்கள், நடந்தாள்.

இனிமேல்தான் கேளுங்கள். அவள் வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் கூட்டம், தள்ளிப்போய் பிப்ரவரியில் நடந்தது. அங்கே ரங்கராஜன் கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு சங்கத்து நடராஜன் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே காலில்தான் சந்தேகம். டாக்டர்கிட்ட நான்தான் இன்சிஸ்ட் பண்ணினேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அமலாவும் நின்றாள். பொங்கலில் இருந்த முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கத்தரிக்காய்க்காரருக்குக்கூட அவள் அப்படி ஒரு பார்வை கொடுத்ததில்லை.

அடுத்த வாரம் மறுபரிசோதனை. ரங்கராஜன் இஸ்திரி போட்ட சட்டையில், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அவள் பெயரைக் கூப்பிட்டதும் முதலில் எழுந்தவர் அவர்தான். கதவில் கை வைத்தவரின் பிடியிலிருந்து அமலா ஃபைலை உருவிக்கொண்டாள்.

"நீங்க இங்கேயே உக்காருங்கோ."

"டாக்டர்கிட்ட யார் பேசறது?"

"மூச்சு யாரோடதோ அவா."

கதவு சாத்திக்கொண்டது. ரங்கராஜன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருமிக்கொண்டிருந்த ஒரு அப்பாவியிடம் திரும்பி, "யூ மஸ்ட் டேக் கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்" என்று ஆரம்பித்தார்.

உள்ளே லாஹிரி தலை நிமிர்ந்து, "மிஸ்டர் ரங்கராஜன் வரவில்லையா?" என்று கேட்டார்.

"வெளியே இருக்கார். அவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை" என்று அமலா வங்காளியில் சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கி, இடது காலை அவர் முன்னால் நீட்டினாள்.

ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கப் போன கையை லாஹிரி பின்னுக்கு இழுத்துக்கொண்டு, குனிந்தார்.