மாவுக்கை

ஏரிப்பக்க மரத்தளத்துக்குக் காப்பி கொண்டுபோனபோது சிர்க்காவின் நெற்றி ணங்கென்று மோதியது. தட்டு கைநழுவ, கோப்பைகள் தரையில் உருண்டன. கண்ணாடிக் கதவு மூடியிருந்தது.

மரமும் கண்ணாடியும் தவிர வேறெதுவும் கண்ணில் படக்கூடாது என்று அவள் கணவன் வெய்க்கோ வரைந்து கட்டிய வீடு அது. கதவுக்குச் சட்டமில்லை, பிடியில்லை. திறந்தால் சுவருக்குள் போய்விடும். மூடினாலும் திறந்த மாதிரிதான் இருக்கும். வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியதும், "கண் உயரத்துல ஒரு பட்டை ஒட்டேன்" என்று கேட்டாள். "ஒட்டினா இந்த வீடு எதுக்கு?" என்றான். குருவிகள் மோதிச் சாகாமலிருக்க ஊரே ஜன்னலில் ஒட்டும் கறுப்புப் பருந்துப் படத்தைக்கூட அவன் அண்டவிட்டதில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏலக்காய் ரொட்டிக்குப் பிசைந்த கையைக் கதவில் அழுத்திவைப்பாள். வெள்ளை தெரிந்தால் மூடியிருக்கிறது. அதை மட்டும் துடைக்கமாட்டேன் என்று அவனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

இன்று ஹெல்சிங்கியிலிருந்து பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள். அவர்களுக்காக அவள் சவுனா என்ற நீராவிக் குளியலறையைச் சூடேற்றப் போயிருந்த நேரத்தில் துடைத்திருக்கிறான்.

வெளியே துணியும் வாளியுமாக நின்றவன் சத்தம் கேட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓடிவந்து நின்றான். முதலில் கண்ணாடியைத்தான் மேலும் கீழும் பார்த்தான்.

"கீறல் விழல," என்றான். அப்புறம்தான், "அடி பட்டுச்சா?"

"துடைச்சிட்டியா வெய்க்கோ?"

"இன்னிக்கு ஒரு நாள்தானே. அவங்க போனதும் மறுபடி வெச்சுக்கோ. நீயும் கொஞ்சம் பார்த்து வந்திருக்கலாம்ல?"

பார்த்து வரவேண்டுமாம். நெற்றி வலித்ததைவிட அந்த ஒரு சொல் அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் இந்த வீட்டைத் தன் வீடென்று நினைத்திருந்தோமே என்று ஆத்திரமாக வந்தது. கால் கட்டைவிரலால் கதவின் தரைத் தாழ்ப்பாளை அமுக்கி உள்ளிருந்து பூட்டினாள். சமையலறைக்குப் போய் இரண்டு கைகளையும் நனைத்து, மாவுப் பைக்குள் மணிக்கட்டுவரை விட்டாள்.

முதல் கையைக் கதவில் பதித்தாள். பக்கத்தில் இன்னொன்று. பிறகு நடந்துகொண்டே, ஏரிப்பக்கக் கண்ணாடிச் சுவரின் நீளத்துக்கும்.

"ஏய், என்ன பண்ற? கார் வந்துடுச்சு! திற சிர்க்கா!"

அவள் திறக்கவில்லை. வெய்க்கோ ஈரத்துணியை எடுத்து, அவள் கை போன இடமெல்லாம் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே கூட வந்தான். மாவு உள்பக்கம் இருந்தது.