ஐம்பது கூடுகளும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு மாத்திரை டப்பாவிலிருந்து வந்தது. ஏழு கிழமைக்கும் ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா. பக்கத்து வீட்டு ஆர்டிஸ் ஹௌகன் அதை வேலிக்கு மேலே நீட்டி, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை. ஆனால் செவ்வாய்க்கிழமையின் அறையும் காலியாக இருந்தது. அவள் கணவர் வெர்லின் ஒரே நாளில் இரண்டு தடவை மாத்திரை போட்டிருக்கிறார்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், ஒன்னும் ஆகாதாம்," என்றாள். "ஆனா நாளன்னைக்கு இந்த மனுசன் எனக்குத் தோட்டா போடப் போறான். அதான் ஓடி வந்தேன்."

2

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. மொன்டானாவில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தும் பிடிக்கவில்லை. ஆனால் ஆர்டிஸைப் பிடிக்கும். வியாழக்கிழமைதோறும் பெண்களுக்கான ரிவால்வர் போட்டிக்குப் போவாள். முப்பத்தொரு வருடமாக அவள் சுட்டதெல்லாம் வெர்லின் கார் கொட்டகையில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த தோட்டாக்கள்.

ரிவால்வர் தோட்டாவின் பித்தளைக் கூடு ஆழமானது, வெடிமருந்து அடியில் கொஞ்சம்தான். தவறி இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது. சுடும்போது துப்பாக்கி அவள் கையிலேயே வெடித்துவிடும்.

(தமிழில் வெடிக்கிறதும் மருந்து, விழுங்குகிறதும் மருந்து. வெர்லினிடம் சொன்னேன். "உங்காளுங்க ஒரு வார்த்தைய மிச்சம் பிடிச்சுட்டாங்க," என்றார்.)

3

நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

வெர்லினின் மேசைமேல் இரண்டு மருந்து டப்பாக்கள் காலை வெயிலில்

அவ்வளவுதான். இதை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டியதும் கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு டப்பாவா? என் மேசைலயா? எந்த மடையன் ரெண்ட வெப்பான்? ஒரு ரக மருந்துக்கு இன்னொன்ன மாத்தி ஊத்தினா என்ன ஆகும்? ஒன்ன எடும்மா."

எடுத்துவிட்டேன். வெயிலும் கூடவே போய்விட்டது. அவர் கொட்டகைக்கு ஜன்னலே கிடையாது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. ஆர்டிஸ் தமிழில் பேசினால் புருஷனை 'நீங்க' என்பாளா, 'நீ' என்பாளா? அவள் வாயைக் கேட்டவர்கள் 'நீங்க' என்று எழுதத் துணிய மாட்டார்கள்.

4

அடுத்த வரைவில், புதன்கிழமை காலை வெர்லின் பாதியில் கழிப்பறைக்குப் போகிறார், ஆர்டிஸ் திருட்டுத்தனமாகக் கூடுகளைப் பார்க்கிறாள். நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன். அவள் கண்ணில் தண்ணீர்கூட வைத்திருந்தேன்.

"நடக்காது," என்றார் வெர்லின். "நான் பாதில எழுந்தா, திரும்பி வந்து அம்பதையும் டப்பால கொட்டிட்டு முதல்லேருந்துதான் ஆரம்பிப்பேன். அவ எதப் பாத்து என்ன பிரயோசனம்?"

அவருடைய முறை இது. மரக்கட்டையில் ஐம்பது குழி. வெற்றுக் கூடுகள் எல்லாம் தலைகீழாக நிற்கும். ஒவ்வொன்றாய் நிமிர்த்தி மருந்து ஊற்றி வைப்பார். பத்துக்கு ஒன்றைத் தராசில் போட்டுப் பார்ப்பார். ஐம்பதும் முடிந்ததும் டார்ச்சைச் சாய்த்து அடித்து, மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கூட்டின் வாயில் குண்டைப் பொருத்தி மூடுவார். இடையில் யாரும் பேசக்கூடாது. அவர்கள் மகள் பிறந்த செய்தியே முப்பது கூடு தள்ளித்தான் அவர் காதுக்குப் போனது என்பாள் ஆர்டிஸ்.

ஆனால் அந்த டார்ச்சை வேறு யாரும் தொட்டதில்லை. அவள் ஒருமுறைகூடக் கூட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். பார்க்காவிட்டால் கை போகும். புதன்கிழமை அவள் கொட்டகை வாசலில் நின்றது இந்தச் சங்கடத்தோடுதான்.

5

நடந்ததை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அவள் குனிந்து பார்த்தது வரை ஒன்றுபோலத்தான் சொன்னார்கள், அதற்கு மேல் இருவருமே தாண்டிப் போய்விட்டார்கள்.

அவர் ஐம்பதாவது கூட்டை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எவ்ளோ நேரமா நிக்கிற?"

"கால் கடுக்குற அளவுக்கு."

"செவ்வாய்க்கிழமைய நான்தான் முழுங்கிட்டேன், ஆர்டி."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். டப்பாவ வேலிப்பக்கம் தூக்கிட்டு ஓடினியே." டார்ச்சை அவளிடம் நீட்டினார். "இந்தா. இன்னைக்கு நீ பாரு."

"நான் பாக்கணும்னு இல்ல."

"எனக்கு வேணும். என் கண்ணு அம்பதையும் சரின்னுதான் சொல்லுது. அது திங்கக்கிழமையும் அப்படித்தான் சொல்லுச்சு."

அவர் குரல் நடுங்கியது என்று எழுதலாம். நடுங்கவில்லை. நாற்பத்தாறு வருட மண வாழ்க்கையில் ஒரு மனிதர் கொடுக்கக்கூடியது என்ன என்று கேட்டால், இனி அந்த டார்ச்சைத்தான் சொல்வேன்.

அவள் வாங்கி, குனிந்து, வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

முடிவு ஒன்று: ஐம்பதும் ஒரே மட்டம். ஆர்டிஸ், "பொழச்சுப் போ," என்கிறாள்.

முடிவு இரண்டு: நான்காவது வரிசையில் ஒரு கூட்டில் மருந்து மேலேறி இருக்கிறது. அவள் அதன்மேல் விரலை வைக்கிறாள்.

இரண்டையும் வெர்லினுக்கு வாசித்தேன். எது நடந்தது என்று கேட்டேன்.

"பாத்தது அவ. அவளக் கேளு."

6

ஆகவே இன்று கேட்கப் போனேன். அடுத்த புதன்கிழமை, காலை பத்து மணி. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா. அதிலிருந்து தள்ளி, ஜன்னல் இல்லாத சுவரில் ஆணி அடித்து, மாத்திரை டப்பாவையும் தொங்கவிட்டிருந்தார்கள். செவ்வாய் வரை காலி, புதனிலிருந்து பத்திரம். முன்பு ஒரு நாற்காலி இருந்த இடத்தில் இரண்டு. இரண்டு நரைத்த தலைகளும் மரக்கட்டையின்மேல் கவிழ்ந்திருந்தன. அவர் நிமிர்த்தி ஊற்றினார், அவள் டார்ச் அடித்தாள். பிறகு அடுத்தது.

"ஆர்டிஸ், அன்னைக்கு நீ என்ன" என்று ஆரம்பித்தேன். கதைக்கு முடிவு வேண்டும் அல்லவா.

அவள் திரும்பவில்லை. உள்ளங்கையை மட்டும் என் பக்கம் உயர்த்தினாள்.

"பேசாத. மருந்து போட்டுட்டு இருக்கோம்."

'இருக்கான்' இல்லை, 'இருக்கோம்'. வாசலிலேயே நின்றுவிட்டேன். கட்டையில் இன்னும் முப்பத்தேழு கூடுகள் தலைகீழாக இருந்தன. அன்றைக்கு என்ன பார்த்தாள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் இப்போது கேட்காதீர்கள்.