பிரிக்காத சீட்டு

“ஏழாவதும் தப்பு!” பில் போடும் அண்ணன் விடைத்தாளைத் தட்டினார். “ஞாயித்துக்கிழமை பரீட்சையை வச்சுக்கிட்டு, இந்த மாதிரிக் கேள்வியில மட்டும் ஏம்மா கோட்டை விடுறே?”

மருந்துக்கடையில் மதியம் ஈயோட்டும் நேரம். மாத்திரை எடுத்துத் தரும் பார்மசிஸ்ட் பெண் பேனாவைக் கடித்தாள். அரசு ஆஸ்பத்திரி வேலைக்கான தேர்வு. கொடுத்த பத்தியிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்ற கேள்விகள்தான் அவளைப் படுத்தி எடுத்தன.

“மழை பெஞ்சா அவர் குடை எடுப்பாராம். இன்னிக்குக் குடை எடுத்திருக்காராம். அப்போ இன்னிக்கு மழைதானேண்ணே?”

“வெயிலுக்கும் எடுக்கலாம், கம்பி உடைஞ்சு ரிப்பேருக்கும் எடுத்துட்டுப் போகலாம். பத்தியில இருக்கறதை மட்டும் படி, தாயே! நீயா ஒண்ணைச் சேர்த்துக்கிட்டு முடிவு கட்டாதே.”

சிரிக்கப் போனவளுக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது.

வாடிக்கைக்காரர்களின் மாத்திரைகளை முன்கூட்டியே பொட்டலம் கட்டி அடுக்கி வைப்பது அந்தக் கடையின் பழக்கம். காலையில், மாதா மாதம் இதய மாத்திரை வாங்கும் தொப்பிக்காரரின் தலை தெரிந்ததுமே அவருடைய பொட்டலத்தை நீட்டிவிட்டாள். அவர் கொடுத்த சீட்டை மடித்தது மடித்தபடி கோட்டுப் பையில் போட்டாள். மாதா மாதம் வரும் சீட்டுதானே!

இப்போது அதை எடுத்துப் பிரித்தாள். புது டாக்டரின் கையெழுத்து. ‘நாடித் துடிப்பு மிகக் குறைவு. பழைய மாத்திரையை உடனே நிறுத்தவும்.’ கீழே வேறு மருந்தின் பெயர்.

“ஐயையோ, அண்ணே!”

தொப்பிக்காரருக்குப் போட்ட போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணன் பைக்கை உதைத்தார்; அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

மூன்றாவது தெருவில் அந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த தொப்பிக்காரரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“மாத்திரை போட்டீங்களாய்யா?”

“ரெண்டு போட்டாச்சும்மா. டாக்டர் மருந்தை மாத்திட்டேன்னாரு. அட்டையைப் பார்த்தா பழசு மாதிரியே இருந்துச்சு. நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும், புது மருந்துக்கும் அதே அட்டை போலன்னு நானே நினைச்சுக்கிட்டேன்.”

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு துடிப்பு. அடுத்தது வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

“துடிப்பு ஏறிடுச்சு. தப்பிச்சுட்டாரு. ஆனா ஒண்ணு புரியலை. கடையில சீட்டைக் காட்டலையாம், பழசையே கேட்டு வாங்கினாராம். அப்படித்தான் சொல்றாரு. நிஜமா?”

பெரிய மனுஷன் தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறார்! அண்ணன் பேசாதே என்று முழங்கையைக் கிள்ளினார்.

“இல்லை டாக்டர். அவர் சீட்டைக் கையிலயே குடுத்தாரு. நான்தான் பிரிச்சே பார்க்கலை.”