கொழகொழ லிவர்

நோட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “ஐந்தாம் நம்பர் மெஷின் லிவர் வெந்த நூடுல்ஸ் மாதிரி கொழகொழவென்று இருக்கிறது. கவனிக்கவும்.” கீழே பெயர் இல்லை. ஜப்பானில் கவாகுச்சி ரயில் ஸ்டேஷனை ஒட்டிய அந்த கேம் சென்டரில் குறை எழுதுகிறவர்கள் யாரும் பெயர் போடுவதில்லை.

தோமொயேவுக்குக் கோபம் வந்தது. எழுதியவர் மேல் அல்ல, தன் மேல். இரண்டாம் மாடியில் இருந்த சண்டை வீடியோ கேம் மெஷின்கள் எல்லாம் அவள் பொறுப்பு. ஆடுகிறவர்கள் கையால் தள்ளும் லிவரின் வளைவு அரை மில்லிமீட்டர் மாறினாலும் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே ஐந்தாம் நம்பரின் பலகையைக் கழற்றினாள். ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. அவள் பழைய லிவரை அப்படியே எடுத்துப் பெட்டியில் போட்டாள். புதியதை மாட்டி கிரீஸ் தடவி நாலு திசையும் தட்டிப் பார்த்தாள். டக், டக், டக், டக். மூலைக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்ததும் லிவர் பாய்ந்து நடுவுக்கு வந்து நின்றது. திருப்தியாக இருந்தது.

ஐந்தாம் நம்பர் ஷிமனுகியின் இடம். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர், ஐம்பத்தாறு வயது. தினமும் மாலை வந்து உட்காருவார், அதனால் வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அதன் முதுகோடு ஒட்டி நிற்கும் நாலாம் நம்பரில் ஓதகிரி வந்து உட்காருவான். டோஃபு கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். எட்டு வருஷமாக இருவரும் மோதுகிறார்கள். நடுவில் மெஷின் இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஓதகிரி கத்துவான், ஷிமனுகி பதில் பேசமாட்டார்.

லிவர் மாற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை ஷிமனுகி இரண்டே ஆட்டம் ஆடினார். இரண்டிலும் திரையில் அவருடைய வீரன் அடிக்கவே இல்லை, குனிந்து குனிந்து எழுந்தான். எழுந்து போகும்போது தோமொயேவைப் பார்த்துத் தலை குனிந்தார். “லிவர் மாத்திட்டீங்க போல. ரொம்ப நன்றி.”

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. ஓதகிரி நாலாம் நம்பரில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரோடு மோதி, சலித்து, கவுன்டருக்கு வந்தான்.

“ஏம்மா, அந்தாளு எங்க?”

“தெரியலண்ணே.”

“பயந்துட்டாரா? ரெண்டு ஆட்டம் தோத்ததுக்கா? என்கிட்ட ஆயிரம் தோத்திருக்காரு, அப்பல்லாம் வரலியா?”

அவன் கவுன்டரை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “நோட்டுல எழுதுனது நான்தான்.”

“எந்த நோட்டுல?”

“அதான், நூடுல்ஸ். ஒருநாள் அவரு வர்றதுக்கு முன்னாடி அந்த சீட்ல உக்காந்து பாத்தேன். லிவர் தொளதொளன்னு ஆடுது. சே, இத வச்சுக்கிட்டா இந்தாளு என்கூட மோதுறாருன்னு ஆயிடுச்சு. மொட்டக் கத்தியோட வர்றவன ஜெயிச்சா அது ஜெயிப்பா? நல்ல லிவர் வந்தா நல்லா ஆடுவாருன்னு நெனச்சேன்.”

“அதையே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“அவர்கிட்டயா? நான் என்னைக்கு அவர்கிட்ட பேசியிருக்கேன்?”

“எட்டு வருஷமா கத்திட்டுதானே இருக்கீங்க!”

“அது மெஷின்கிட்ட.”

மறுநாள் காலை தோமொயே பெட்டியைத் திறந்து பழைய லிவரைப் பிரித்தாள். லிவர் எல்லை தாண்டாமல் நிறுத்தும் சதுரத் தடுப்பைக் கண்டதும் கை நின்றுவிட்டது. எல்லா மெஷினிலும் இந்த பிளாஸ்டிக்கின் நாலு மூலையும் குதறிப்போயிருக்கும், ஆவேசத்தில் லிவரைக் கொண்டுபோய் முட்டுவார்கள். இதில் ஒரு கீறல்கூட இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் மாட்டி, தினமும் ஆடிய லிவர். சுவிட்ச் டக்கென்று சொல்லும் இடம் வரைதான் அந்த மனிதர் தள்ளியிருக்கிறார், அதற்குமேல் ஒரு மயிரிழைகூட இல்லை. பலம் இருக்கிற கை இவ்வளவு சிக்கனமாக ஆடாது.

அந்த ஸ்பிரிங் தளரத் தளரத்தான் அவரால் ஆட முடிந்திருக்கிறது. அதைத்தான் அவள் சரிசெய்திருக்கிறாள்.

மதியம் லிவரையும் ஒரு டப்பா நிறையப் பழைய ஸ்பிரிங்குகளையும் எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்குப் போனாள். உள்ளே நீராவி. ஷிமனுகி வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். லிவரைப் பிடிக்கிற இடது மணிக்கட்டில் வலிக்கான பட்டை கட்டியிருந்தது. கேம் சென்டருக்கு வரும்போது அதைக் கழற்றிவிட்டு வருவார் போல.

அவள் லிவரைக் கவுன்டர் மேல் வைத்தாள். “ஏன் சார் சொல்லல?”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “என்னன்னு சொல்றது? நீங்க சரியாத்தானே பண்ணியிருக்கீங்க. சரியா இருக்கறத தப்புன்னு எப்படிம்மா சொல்றது?”

“உங்களுக்கு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்.”

“இந்தக் கைக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?”

“எல்லாத்தையும் இல்ல சார். ஒரு ஸ்பிரிங்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் லிவரைப் பிடித்துக்கொள்ள, அவர் இரண்டு விரலால் அதன் தலைக்குண்டைப் பற்றினார். முன்னே, கீழே, இரண்டுக்கும் நடுவே. முகம் சுருங்கியது.

“இது உங்க பழைய ஸ்பிரிங்தானே?”

“ஆமா. இப்ப இதுவும் கனமா இருக்கு. ஒரு வாரத்துல கை இன்னும் கெட்டுப்போச்சு.”

அவள் வேறொன்றை மாட்டினாள். இல்லையென்று தலையாட்டினார். இன்னொன்று. அதுவும் இல்லை. ஒரு பெண்மணி சலவைக்குப் போட்ட கோட்டை வாங்க வந்து, இருவரையும் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றாள். ஏழாவதாக மாட்டியது டப்பாவிலேயே சோனியான ஸ்பிரிங். அவர் முன்னே தள்ளினார், கீழே இறக்கினார், நடுவே நிறுத்தினார். டக், டக், டக். இன்னொரு தடவை. முகம் சுருங்கவில்லை.

தோமொயே உதட்டைக் கடித்தாள். லிவரை ஒரு மூலைக்குத் தள்ளிக் கையை எடுத்துக் காட்டினாள். அது பாதி வழியிலேயே சாய்ந்து நின்றது. “இது நடுவுக்குத் திரும்பி வராது சார். வேலைக்காகாது.”

“அது வராட்டி என்ன, நான் கொண்டு வர்றேன்.”

“ஒவ்வொரு தடவையுமா? ஓதகிரி அண்ணன் அதுக்குள்ள உங்கள நாலு தடவ சாச்சுடுவாரு.”

“சாய்க்கட்டும்,” என்றார் ஷிமனுகி. “அவன் பேரு ஓதகிரியா?”

செவ்வாய் மாலை அவர் மணிக்கட்டுப் பட்டையோடேயே வந்தார். ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்து, அந்தச் சோனி ஸ்பிரிங்கோடு அவள் மாட்டி வைத்திருந்த லிவரை இரண்டு விரலால் பற்றி, ஒருமுறை நடுவில் நிறுத்திப் பார்த்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஓதகிரி சத்தம் போடாமல் நாணயத்தைப் போட்டான்.

முதல் ஆட்டம் ஷிமனுகி தோற்றார். இரண்டாவதும் தோற்றார். மூன்றாவதில் அவருடைய வீரன் ஒரே ஒரு தடவை எகிறி அடித்தான், அதற்குள் நேரம் முடிந்துபோனது.

“இன்னிக்கும் தோல்விதானா?” என்று மெஷினுக்கு அப்பாலிருந்து ஓதகிரியின் குரல் வந்தது. வழக்கமான கத்தல் இல்லை. கேள்வி.

“ஓதகிரி,” என்றார் ஷிமனுகி, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி. “வாய மூடிட்டு அடுத்த ஆட்டத்தப் போடு.”