லைசென்ஸில் இருந்த விலாசம்

பெண் அனுப்புகிற அந்த எஸ்கோர்ட் ஏஜென்சி, ஆள் யாரென்று உறுதிப்படுத்த அடையாள அட்டை கேட்டது. ரஜீபனும், புத்தி கெட்டவன், தன் லைசென்ஸைப் படமெடுத்து அனுப்பிவிட்டான். போன மாதத்துக் கதை. இன்று மத்தியானம், வேலையிடத்துக் கார் பார்க்கில் நிற்கையில், தெரியாத நம்பரிலிருந்து அதே படம் திரும்பி வந்தது. கீழே ஒரு வரி: கேட்ட காசு வரவில்லை, வீட்டுக்கு வருகிறோம்.

உடனே மனைவிக்குப் போன் அடித்தான்.

"வாசலிலை ஆரும் நிக்கினமோ?"

"இல்லையே. ஏனப்பா உப்பிடிக் கேக்கிறியள்?"

"சும்மா."

மூச்சு வந்தது. படத்தை மறுபடி பார்த்தபோதுதான் அதிலிருந்த விலாசம் கண்ணில் பட்டது. கார் இன்சூரன்ஸ் குறையட்டும் என்று லைசென்ஸில் அவன் கொடுத்திருந்தது ஸ்காபரோவில் தான் இருக்கும் வீட்டு விலாசத்தை அல்ல. நகருக்கு வெளியே, இன்சூரன்ஸ் மலிவான ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் அக்கா வீட்டு விலாசத்தை.

அவன் அழைப்பதற்குள் அக்காவே அழைத்தாள்.

"தம்பி, உன்ர சிநேகிதப் பெடியன் ஒருத்தன் வந்திருக்கிறான். நல்ல மரியாதையான பிள்ளை. உள்ளுக்கை இருத்தித் தேத்தண்ணி குடுத்திருக்கிறன். நீ ஆருக்கோ அனுப்பின மெசேஜுகளை எங்களுக்குக் காட்ட வேணுமாம். பொறு, அத்தான் கண்ணாடி தேடுறார்."