இருவருக்கு வந்த விக்கல்

மலேசியாவில் மந்தின் ஊருக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை ஒட்டியிருந்த அந்தச் சின்னக் கல்லூரியின் ஆராய்ச்சிக் கட்டுரையை உலகத்தில் எந்த மூலையில் யார் மேற்கோள் காட்டினாலும், அதை எழுதிய இருவருக்கும் அதே நொடியில் விக்கல் எடுத்தது. முதல் விக்கல் 1974இல், விளையாட்டு விழாவில் கல்லூரி முதல்வர் பேசிக்கொண்டிருக்கும்போது தாவரவியல் ஆசிரியை பஞ்சாலைக்கு வந்தது. முதல்வர் முறைத்தார், அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சில மாதம் கழித்துக் கப்பலில் வந்த ஆய்விதழில் பிரேசில்காரர் ஒருவர் அவளுடைய கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தார்; அடியில் விளையாட்டு விழா அன்றைய தேதி போட்டிருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே நடந்ததும், பஞ்சாலை ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டுக் கைப்பையில் தண்ணீர் போத்தல் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

கல்லூரிக்கு இருந்ததே அந்த ஒரு கட்டுரைதான், ரப்பர் இலையில் விழும் புள்ளிநோயைப் பற்றியது. அதற்கு மூன்று வருஷம் இலை பொறுக்கிக் கொடுத்தவள் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த முத்தாயி. பஞ்சாலை அவள் பெயரையும் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டாள். இலை பொறுக்கினதற்கெல்லாமா பெயர் என்று முதல்வர் முகம் சுளித்தார். பஞ்சாலையும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான், அசைந்து கொடுக்கவில்லை. நல்ல மனசுதான், ஆனால் அதில் ஒரு வில்லங்கம் வந்து சேர்ந்தது. முத்தாயியின் ஒரே மகன் தங்கராஜு வேலை மேற்பார்த்த மண்டோருடன் சண்டை போட்டுக்கொண்டு கப்பல் வேலைக்குப் போனவன், ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள், நினைப்பவர் பெயரைச் சொன்னால் நிற்கும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். முத்தாயி "தங்கராஜு" என்பாள். உடனே நின்றுவிடும்.

"எம்மவன் என்னை மறக்கல டீச்சர்," என்று அவள் சிரிக்கும்போது பஞ்சாலையும் பக்கத்தில் விக்கிக்கொண்டுதான் நின்றாள். நினைத்தது மகன் இல்லை, எவனோ பிரேசில்காரன் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டம் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டது. புள்ளிநோயைப் பற்றி வேறு நாட்டார் புதிதாக எழுதிப் பழைய கட்டுரையை ஓரங்கட்டினார்கள். விக்கல் நின்றுபோயிற்று. பஞ்சாலைக்கு நிம்மதி, முத்தாயியோ சோற்றைத் தொடவில்லை. "ஒரு வருசமா ஒரு விக்கல்கூட இல்லலா. எம்புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு," என்று மாரியம்மன் கோயில் வாசலிலேயே கிடந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. பதவி உயர்வு தருகிறோம் என்றபோதுகூட இரண்டாவது கட்டுரை எழுதச் சோம்பல்பட்ட பஞ்சாலை, மறுவாரமே கூடையோடு வந்து நின்றாள். "எந்திரிங்கக்கா, செம்பனையில ஒட்டி வளர்ற பெரணியெல்லாம் பறிக்கணும்."

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு கட்டுரை தவறவில்லை. இருந்ததோ ஒரே ஒரு மைக்ரோஸ்கோப், மழை பெய்தால் கரண்டும் போய்விடும். பெரணி முடிந்தால் பாசி, பாசி முடிந்தால் காளான். எல்லாவற்றிலும் முத்தாயி பெயர் இருந்தது. ஜப்பானில் நினைத்தார்கள், கானாவில் நினைத்தார்கள். முத்தாயி உடம்பு தேறிக் கறி மீன் சாப்பிட்டாள். இத்தனை சின்னக் கல்லூரியை இத்தனை பேர் மேற்கோள் காட்டுவது எப்படி என்று கோலாலம்பூரிலிருந்து பேராசிரியர்கள் கார் வைத்துக்கொண்டு வந்து கேட்டார்கள். முதல்வர் தன் நிர்வாகத் திறமை என்று சொல்லி மாலை வாங்கிக்கொண்டார்.

1993 தீபாவளிக்கு, ஓய்வு பெற்று டவுன் பக்கம் லோபாக்கில் இருந்த பஞ்சாலையைப் பார்க்க முத்தாயி பஸ் ஏறி வந்தாள். முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு விக்கல் எடுத்தது. பஞ்சாலை வழக்கம்போல் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன்னுடைய விக்கலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், இருமிப் பார்த்தாள். முத்தாயிக்கு மட்டும் விக்கிக்கொண்டே இருந்தது.

"தங்கராஜு," என்றாள் முத்தாயி. நின்றது.

பஞ்சாலைக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாததை அன்று வாய்விட்டுச் சொன்னாள். "ஆமாக்கா, தங்கராஜுதான்."

"அதத்தானே டீச்சர் நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன்," என்று முத்தாயி அடுத்த முறுக்கை எடுத்தாள்.