வியாழக்கிழமை வரை இருக்கும் பலகை

கோபன்ஹேகனில் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில், அனெலீஸின் அறைக் கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு கட்டம். அதன் மேல் "அழிக்காதே" என்று எழுதியிருந்தது. அப்படி எழுதிவிட்டால் அங்கே யாரும் கை வைப்பதில்லை. மற்ற அறைகளில் அது ஒரு வாரம் இருக்கும், மிஞ்சினால் ஒரு மாதம். இங்கே பதினோரு வருஷம். கட்டத்துக்குள் இருப்பது ஐவின்டின் கையெழுத்து.

அனெலீஸ், ஐவின்ட் இருவரும் அணுக்கருவைக் கண்ணால் பார்க்காமல் காகிதத்திலேயே கணக்குப் போடுகிறவர்கள். கணக்கு மட்டுமா, வீடும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆக்சிஜன் கருவில் கூடுதலாக இரண்டு நியூட்ரான். அவற்றுக்குள் என்ன விசை என்று பார்த்தார்கள். கட்டத்துக்குள் இருக்கும் பாதியை அவன் போட்டான், மறு பாதியை இவள். சேர்த்தால் விடை சோதனையில் அளந்ததற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவனுக்குக் கூட்டல் வந்த இடத்தில் இவளுக்குக் கழித்தல். நீதான் தப்பு, நீதான் தப்பு என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை. படிக்காதவன் என்றால் அரை நாளில் சமாதானமாகியிருப்பான். ஐவின்ட் பெட்டியைக் கட்டிக்கொண்டு நார்வேயில் தன் ஊரான பெர்கனுக்கே போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் கட்டடக் காவலர் எகோன் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, வியாழக்கிழமை பலகையக் கழட்டணும். பெயின்ட் அடிக்கிறாங்க."

"இந்தக் கட்டம்?"

"அதையும் சேத்துத்தான். கணக்குப் பாக்கவா வெச்சிருக்கீங்க இத? உள்ளூர அவருக்காகக் காத்துக்கிட்டுல்ல இருக்கீங்க."

"உங்க வேலையப் பாருங்க, எகோன்."

அவர் போனதும் நோட்டை எடுத்து வரி வரியாகப் பார்த்து எழுதினாள். இத்தனை வருஷமும் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, படித்ததில்லை. மூன்றாவது வரியில் கை நின்றது. நியூட்ரானின் அலையை அவன் கருவின் நடுவிலிருந்து ஆரம்பித்து, அங்கே மேல்நோக்கி வரைந்திருந்தான். இவளுக்கு எப்போதும் வெளி ஓரத்தில்தான் மேல்நோக்கி. இடையில் ஒரு முறை மேலிருந்து கீழே மாறும் அலைக்கு அதனாலேயே கூட்டல் குறி கழித்தலாகிவிடும். அவன் பாதி சரி. இவள் பாதியும் சரி. சேர்த்ததுதான் தப்பு.

பெர்கனுக்குப் போன் போட்டாள்.

"ஐவின்ட், நீ நடுவுலேருந்து ஆரம்பிச்சிருக்க. நான் ஓரத்துலேருந்து."



"தெரியும்" என்றான். "ஏழு வருஷமாத் தெரியும்."

"பாவி! ஏன் சொல்லல?"

"நீ ஒரு தடவை போன் பண்ணுவியான்னு பாத்தேன்."

"பண்ணாட்டி?"

"அதான் பண்ணிட்டியே." மறுமுனையில் மழை பெய்துகொண்டிருந்தது. "பலகை இன்னும் இருக்கா?"

"வியாழக்கிழமை வரைக்கும்."

"நான் வரேன்னு சொல்லல."

"நானும் வரச் சொல்லலியே."

போனை வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. ஏழு வருஷத்தை இனி யாரிடம் போய்க் கேட்பது?

எழுந்து கட்டத்தைத் தவிர மற்றதையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள். அவன் இடதுகைக்காரன். பலகையின் இடது ஓரத்தில் ஒரு புதுச் சாக்பீஸை வைத்தாள்.